நாமே ஆயில் வாங்கிக்கொண்டு போகலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சர்வீஸ் செலவு பற்றித்தான். இன்ஜின் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் கைப்பேசியில் ஆர்டர் செய்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, அதை எடுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொண்டால் காசு மிச்சம்தானே என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ உரிமைச் சான்றிதழ், ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ், பார்க்கிங் என்று எல்லாவற்றுக்கும் கட்டிவிட்டு மிஞ்சியதில்தான் காரைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இந்த ஒரு விஷயத்துக்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் டொயோட்டா ஆல்டிஸுக்கு ஏழு வயதாகிறது. ஆன்லைன் தள்ளுபடியில் 4 லிட்டர் ஃபுல்லி சிந்தெட்டிக் ஆயிலும் ஃபில்டரும் வாங்கி வைத்திருந்தேன். எப்போதும் போகும் பட்டறையில் காரை மேலே ஏற்றிய பிறகு, "அண்ணே, இந்த ஆயிலை ஊற்றுங்கள்" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. மாற்றிக் கொடுத்தார், ஆனால் லேபர் என்று நான் நினைத்ததைவிட அதிகம் வாங்கிக்கொண்டு, இனிமேல் வெளிச்சாமான் கொண்டுவராதே என்றும் சொல்லிவிட்டார். நான் செய்தது தப்பா? (யீஷூன் வாசகர்)

பதில்: ஆயில் கொண்டுபோனது தப்பில்லை. கார் மேலே ஏறிய பிறகு அதைச் சொன்னதுதான் தப்பு.

காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ இருக்கும் சின்னப் பட்டறைகளைப் பாருங்கள். சர்வீசிங் பேக்கேஜ் இவ்வளவு வெள்ளி என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள், ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த விலையில் கூலி எவ்வளவு என்று தனியாகப் பிரித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஏனென்றால் அவர் ஆயிலை 200 லிட்டர் டிரம்மாக மொத்த விலைக்கு எடுத்து உங்களுக்கு லிட்டர் கணக்கில் ஊற்றுகிறார், கடை வாடகையும் ஆள் சம்பளமும் பெரும்பாலும் அந்த இடைவெளியிலிருந்துதான் வரவேண்டும். ஆயிலை நீங்களே கொண்டுவந்தால் அந்த இடைவெளி போய்விடுகிறது, வேலை மட்டும் குறைவதில்லை. காரை ஏற்ற வேண்டும், போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயில் வடியும்வரை காத்திருக்க வேண்டும், ஃபில்டரை மாற்ற வேண்டும், ஊற்றி, ஓட்டிப் பார்த்து, கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வேறொரு கார் அந்த இடத்தில் நின்றிருந்தால் அவருக்கு முழுப் பேக்கேஜ் காசு கிடைத்திருக்கும். அதனால் கூலியைக் கூட்டிக் கேட்டார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இனிமேல் கொண்டுவராதே என்று பேசியிருக்க வேண்டாம்தான், ஆனால் எதிர்பாராமல் வந்து விழுந்ததில் அவருக்கும் எரிச்சல்.

வீட்டு விசேஷத்துக்குச் சமையல்காரரை அமர்த்தினால் அவர் முதலில் சாமான் லிஸ்ட் கொடுப்பார், அப்புறம்தான் நாம் தேக்காவுக்குப் போவோம் இல்லையா? இதிலும் அந்த வரிசைதான். நாள் குறிக்கப் போன் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள். தமிழ் மெக்கானிக் என்றால் அண்ணே, சீனர் என்றால் பாஸ், யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "ஆயிலும் ஃபில்டரும் நானே கொண்டுவருகிறேன், மாற்றிக் கொடுக்க லேபர் எவ்வளவு?" சிலர் ஒரு தொகை சொல்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்பவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள், அது அவர் கடை. சொன்ன தொகைக்கு ஒத்துக்கொண்டால் அங்கே போய் மறுபடியும் பேரம் பேசவும் கூடாது.

அப்புறம் கணக்கு. ஒரு பேச்சுக்கு, பேக்கேஜ் 110 வெள்ளி, உங்கள் ஆயிலும் ஃபில்டரும் 65 வெள்ளி, லேபர் 40 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 5 வெள்ளி. சாதாரண 1.6 லிட்டர் ஜப்பானியக் காருக்கு இப்படித்தான் பெரும்பாலும் முடியும், அந்த 5 வெள்ளிக்காகப் பல வருடம் பழகிய மெக்கானிக்கைப் பகைத்துக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து. காசு மிச்சமாவது வேறு இடத்தில்: ஆறு, ஏழு லிட்டர் ஆயில் கேட்கிற, அதுவும் குறிப்பிட்ட தரச்சான்று உள்ள ஆயில்தான் வேண்டும் என்கிற ஐரோப்பிய கார்களில். அங்கே நல்ல விலைக்கு வாங்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். காசுக்காக இல்லாமல், என்ன ஊற்றுகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கொண்டுபோகிறவர்களும் உண்டு, அது எனக்கு இன்னும் நல்ல காரணமாகப் படுகிறது.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 4 லிட்டர் வாங்கினேன் என்கிறீர்கள். ஆல்டிஸில் வந்த 1.6 லிட்டர் இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 4.2 லிட்டர் வேண்டும். மீதி 0.2 லிட்டரை உங்கள் மெக்கானிக் தன் டிரம்மிலிருந்து ஊற்றினாரா, இல்லை 4 லிட்டரோடு நிறுத்திவிட்டாரா? நாளைக் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிக்கு நடுவில் இருந்தால் பயமில்லை. அடுத்த முறை 1 லிட்டர் பாட்டில் ஒன்று கூடவே வாங்கிக்கொள்ளுங்கள், டிரெயின் போல்ட்டுக்கு ஒரு புது வாஷரும். வாஷரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். போல்ட்டை முறுக்கும்போது நசுங்கி, இடைவெளியை அடைப்பதுதான் அந்த வளையத்தின் வேலை, ஒருமுறை நசுங்கியது இரண்டாவது முறை அதே மாதிரி அடைக்காது. பழையது போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு, போல்ட்டின் பாகம் மாதிரியே இருக்கும். பட்டறையில் அதற்கென்று ஒரு டப்பா இருக்கும், பேக்கேஜ் எடுத்தால் அதிலிருந்து கேட்காமலே ஒன்று போடுவார்கள். நீங்கள் சாமான் கொண்டுபோகும்போது, எல்லாம் நீங்களே கொண்டுவந்திருப்பீர்கள் என்று நினைத்துப் பழையதையே திருப்பிப் போட்டுவிடும் வாய்ப்பு இருக்கிறது. கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் காரின் கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறது. நண்பர் ஒருவர், "அது குளிர்நாட்டு ஆயில், நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், 5டபிள்யூ-40 வாங்கிக்கொண்டு போ" என்கிறார். எதை வாங்க? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: கையேட்டில் இருப்பதை வாங்குங்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன்னால் வரும் எண், ஆயில் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைத்தான் சொல்கிறது. பின்னால் வரும் 20, 30, 40 தான் இன்ஜின் சூடேறிய பிறகு உள்ள கெட்டித்தன்மை. வெளியே 32 டிகிரி என்றாலும் 22 டிகிரி என்றாலும் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குள் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதற்காகத்தான் இருக்கின்றன. 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினை அந்த ஆயில் ஓடும் அளவுக்கு இடைவெளிகள் வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சில கையேடுகளில் 5டபிள்யூ-30 ஊற்றினாலும் பரவாயில்லை என்று அட்டவணை போட்டிருப்பார்கள், அப்படி இருந்தால் அதுவரை போகலாம். நண்பர் சொன்னார் என்று தாண்டிப் போகாதீர்கள்.

எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடவும் கூடாது. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரக்குறிகள்தான் முக்கியம். ஏபிஐ எனும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் எஸ்பி என்பது 2020ல் வந்த தரம், சின்ன டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறைத் தடுக்கும் சோதனையும் அதில் உண்டு. டர்போ கார் வைத்திருப்பவர்கள் பழைய ஸ்டாக்கான, முந்தைய தரமான எஸ்என் ஆயிலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். ஐரோப்பிய கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் 504 00, மெர்சிடிஸ் 229.5, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 என்று கார் கம்பெனியே சோதித்துக் கொடுக்கும் அங்கீகாரம் உண்டு. அங்கீகாரம் பெற்றது என்று எழுதியிருப்பதும், இந்தத் தரத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவதைக் கார் கம்பெனி சொல்கிறது, இரண்டாவதை ஆயில் விற்கிறவர் சொல்கிறார். வாரண்டி காலத்தில் இருக்கும் காருக்கு முதலாவதை மட்டும்தான் நான் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கும் ஆயில் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெக்கானிக்கிடம் காட்டினால் சொல்லிவிடுவாரா? (செங்காங் வாசகர்)

பதில்: பார்த்துச் சொல்வது மெக்கானிக்குக்கும் கஷ்டம். புது ஆயில் எல்லாம் பளபளவென்று தேன் நிறத்தில்தான் இருக்கும், கையில் தேய்த்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதெல்லாம் பேச்சு. எனவே வாங்கும் இடத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்த பிராண்டின் சிங்கப்பூர் விநியோகஸ்தர் நடத்தும் ஆன்லைன் கடையா, இல்லை பெயர் தெரியாத யாரோவா என்று பாருங்கள். பாட்டில் வந்ததும் மூடியின் சீல், அடியிலோ பக்கத்திலோ அச்சடித்திருக்கும் பேட்ச் எண், லேபிள் ஒட்டியிருக்கும் விதம் எல்லாம் பாருங்கள். பேட்ச் எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மற்ற எல்லாரையும்விடப் பாதி விலைக்கு ஒருவர் கொடுக்கிறார் என்றால், அதற்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்காமல் வாங்காதீர்கள்.

ஆயிலைவிட எனக்குக் கவலை ஸ்பார்க் பிளக்கில். என்ஜிகே, டென்சோ பெயர்களில் போலி இரிடியம் பிளக்குகள் பல நாடுகளில் புழங்குகின்றன, அந்த நிறுவனங்களே அது பற்றி எச்சரிக்கை விட்டிருக்கின்றன. நல்ல இரிடியம் பிளக் பெரும்பாலான கார்களில் 100,000 கிலோமீட்டர் வரை வரும். அவ்வளவு நாளைக்கு ஒருமுறை செய்யும் செலவில் போய்ச் சிக்கனம் பார்க்க வேண்டாம், நம்பகமான பட்டறையிலோ ஏஜென்ட்டிடமோ வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: கார் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. வெளியே சர்வீஸ் செய்தால், அதுவும் என் சொந்த ஆயிலை ஊற்றினால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொன்னார்கள். உண்மையா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: வெளியே செய்தது என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியும் போய்விடாது. போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதைத் தொடர்ந்து, இங்குள்ள முக்கிய கார் விற்பனையாளர்கள் 2017 இறுதியில் அந்த மாதிரி நிபந்தனையை வாரண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் உங்கள் வாரண்டி புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள், அதிகாரப்பூர்வ ஏஜென்ட் இல்லாமல் தனியாக இறக்குமதி செய்யும் பேரலல் இம்போர்ட்டரிடம் வாங்கிய காராக இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

அதே சமயம், வெளியில் செய்த வேலையாலோ தப்பான ஆயிலாலோ ஒரு பாகம் கெட்டது என்று தெரிந்தால் அந்தப் பழுதுக்கு வாரண்டி கொடுக்க மறுக்கலாம், அது அவர்கள் உரிமை. நாமே ஆயில் வாங்கிப் போகும்போது கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டியிருப்பது இதனால்தான். ஆயில் வாங்கிய ரசீது, பட்டறையின் பில், அதில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் பெயர், தரம் எல்லாம் இருக்க வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால் அதைத் தாண்டவிடாதீர்கள். இரண்டு வருடக் காருக்கு என்னைக் கேட்டால், வாங்கும்போது சேர்த்துக் கொடுத்த இலவச சர்வீஸ் ஏதும் பாக்கி இருந்தால் அதை முதலில் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

கேள்வி: என் ஆயில், என் ஃபில்டர், பட்டறையின் வேலை. மூன்றாம் நாள் வீட்டுக் கார்பார்க்கில் கருப்பாக ஆயில் சொட்டியிருந்தது. திரும்பப் போய்க் கேட்டால், "சாமான் உன்னுடையது, நான் பொறுப்பில்லை" என்கிறார்கள். இப்போது யார் பொறுப்பு? (பிடோக் வாசகர்)

பதில்: முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆயில் அளவைப் பாருங்கள், கீழ்க்குறிக்கு வந்துவிட்டது என்றால் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தபிறகும் பக்கத்துப் பட்டறைவரைதானே என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும், அப்புறம் யார் பொறுப்பு என்ற வாதமும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பொறுப்பு யாருடையது என்பது எங்கிருந்து சொட்டுகிறது என்பதைப் பொறுத்தது. சாமான் வேறு, கைவேலை வேறு. ஃபில்டரின் உடம்பிலேயே விரிசல் என்றால் அது நீங்கள் கொண்டுபோன பொருளின் குறை, விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். டிரெயின் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை, அல்லது அதிகமாக முறுக்கி மரை தேய்ந்துவிட்டது என்றால் அது கைவேலை. ஆயில் யாருடையதாக இருந்தாலும் போல்ட்டை ஒழுங்காக முறுக்க வேண்டியது கூலி வாங்கியவரின் பொறுப்புதான், அதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இன்னொரு தப்பு அடிக்கடி நடக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். திருகு வகை ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் அந்த வளையம் மட்டும் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், கருப்பு நிறம், சுற்றிலும் கருப்பு ஆயில், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. துடைத்துப் பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும், ஸ்டார்ட் செய்தபோது ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று நாளில் பிதுங்கிக்கொண்டு கசியத் தொடங்கும். உங்களுக்கு மூன்றாம் நாள் சொட்டியது என்பதால் எனக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. கழற்றிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். வளையம் இரண்டு இருந்தால் அது முழுக்க முழுக்கப் பட்டறையின் தவறு.

கழற்றுவதற்கு முன் கீழேயிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் பார்த்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் பட்டறை முதலாளியிடம் அமைதியாகப் பேசுங்கள், பெரும்பாலும் படத்தைப் பார்த்ததும் இறங்கி வருவார்கள். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதற்கும் மேலே சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுதி ஒத்துக்கொண்டால் 30,000 வெள்ளி வரை கோரலாம். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும், அதனால்தான் ரசீதும் படமும் அவ்வளவு முக்கியம்.

இனிமேல் சாமான் கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் ஒன்று செய்யுங்கள்: பில்லில் "வாடிக்கையாளர் கொண்டுவந்த ஆயில், ஃபில்டர்" என்று பெயரோடு எழுதச் சொல்லி, அதன் கீழே கூலியைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். காலி பாட்டிலை அடுத்த சர்வீஸ்வரை தூக்கிப் போடாதீர்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: ஜோகூர் பாருவில் ஆயில் வாங்கி வந்து இங்கே மாற்றுவது நல்லதா, அங்கேயே மாற்றிக்கொண்டு வருவது நல்லதா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: அங்கே கூலி குறைவு, அதனால் அங்கேயே மாற்றுவதில்தான் லாபம். வாங்கிக்கொண்டு வந்து இங்கே கூலி கொடுத்தால் லாபத்தில் பாதி போய்விடும். ஆனால் ஆயில் மாற்றுவதற்கென்றே தனியாகப் போகாதீர்கள், காஸ்வேயில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் கிளம்பக் கூடாது, விஇபி எனும் மலேசிய வாகன நுழைவு அனுமதி இருக்க வேண்டும், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். திரும்பி வந்தபிறகு கசிந்தால் மறுபடியும் அங்கேதான் போக வேண்டும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வாடகைக் கார் எடுத்துத் தனியார் வாடகை ஓட்டுநராக இருக்கிறேன். கம்பெனி ஊற்றும் ஆயில் மட்டமாக இருக்கிறது, நல்ல ஆயில் வாங்கிக் கொடுக்கலாமா? (சுவா சூ காங் வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. கார் கம்பெனியுடையது, இன்ஜின் போனால் அவர்கள் பொறுப்பு, நீங்கள் வாங்கிக் கொடுத்த ஆயில் உள்ளே இருந்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழ வாய்ப்பிருக்கிறது. சொன்ன தேதியில் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள், அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், சத்தம் ஏதும் வந்தால் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், வாட்ஸ்அப் போதும்.

கேள்வி: நான் தனியாகப் பட்டறைக்குப் போனால் அதை மாற்று இதை மாற்று என்று அடுக்குகிறார்கள். எதையெல்லாம் நானே வாங்கிக்கொண்டு போகலாம், எதையெல்லாம் அவர்களிடமே விட்டுவிட வேண்டும்? கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம்கூடக் கொண்டுபோகலாமா? (புங்கோல் வாசகி)

பதில்: சிலவற்றுக்குப் பட்டறையே வேண்டாம் அம்மா. கேபின் ஃபில்டர் பெரும்பாலான ஜப்பானிய கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கிளவ் பாக்ஸை இரண்டு பக்கமும் அழுத்திக் கீழே இறக்கினால் ஒரு மூடி, அதைத் திறந்தால் ஃபில்டர், பழையதை உருவிவிட்டுப் புதியதில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்துச் செருக வேண்டியதுதான், பழையது இருந்த மாதிரியே. ஏர் ஃபில்டரும் வைப்பரும் அப்படித்தான். இந்த மூன்றையும் நீங்களே வாங்கி நீங்களே மாற்றினால் மிச்சமாகும் காசு, ஆயில் கொண்டுபோவதில் மிச்சமாவதைவிட அதிகம். பலர் ஆயிலில் கணக்குப் பார்த்துவிட்டு இதற்குப் பட்டறையில் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

கியர்பாக்ஸ் ஆயிலைக் கொண்டுபோகாதீர்கள். ஹோண்டாவில் சிவிடி எனப்படும், படிப்படியாக மாறாத ஆட்டோ கியருக்கு எச்சிஎஃப்-2 என்று ஒன்று, பழைய மாடல்களுக்கு எச்எம்எம்எஃப் என்று வேறொன்று, நிசானில் என்எஸ்-2, என்எஸ்-3, டொயோட்டாவில் சிவிடிக்கு ஒன்று, சாதாரண ஆட்டோ கியருக்கு டபிள்யூஎஸ். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும், இன்ஜின் ஆயில் மாதிரி உடனே மாற்றிச் சரிசெய்துவிட முடியாது. நம் ஊரில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பேரலல் இம்போர்ட்டாக வந்த முதல் தலைமுறை ஹோண்டா வெசல் ஹைபிரிட்டில் இருப்பது டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், அதே உருவத்தில் வந்த பெட்ரோல் வெசலில் இருப்பது சிவிடி. பெயரைப் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் செய்தால் தப்பாகப் போக எவ்வளவு வாய்ப்பு என்று பாருங்கள். பிரேக் பேடும் அப்படித்தான், ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று அளவு இருக்கும், சேஸிஸ் எண்ணை வைத்துத்தான் சரியான பாக எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆர்டர் செய்தே தீருவேன் என்றால் அந்த எண்ணை மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு ஆர்டர் செய்யுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் தரம் அனுமதிக்கும் கீழெல்லை 155 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடலை மிதித்தால் அப்படியே உள்ளே போகும். அதனால் வீட்டு அலமாரியில் திறந்து வைத்திருந்த பாட்டிலைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் அது ஏற்கெனவே குடித்திருக்கும். கூலன்ட்டில் நிறத்தை நம்பாதீர்கள், சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நேரடியாக ஊற்றுவதா, தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய அடர்வகையா என்றும் லேபிளில் பார்க்க வேண்டும். இதை உங்கள் மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம், பெரிய காசு இல்லை.

அடுக்குகிறார்கள் என்றீர்களே, அதற்கு ஒரு வழி. மாற்ற வேண்டும் என்று சொல்லும் பாகத்தை இப்போது காட்டுங்கள் என்று கேளுங்கள், மாற்றியபின் பழையதை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். இன்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் டப்பா என்று எதையாவது சேர்க்கச் சொன்னால், கையேட்டில் இருக்கிறதா என்று ஒரே கேள்வி போதும். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், விளக்கிச் சொல்வார். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் ஆயிலை அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள், நான்கைந்து வெள்ளி கூடுதலானாலும் பரவாயில்லை.

கேள்வி: ஐந்து லிட்டர் வாங்கினேன், முக்கால் லிட்டர் மிஞ்சிவிட்டது. வைத்திருந்து அடுத்த முறை ஊற்றலாமா? பழைய ஆயிலை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னால் என்ன செய்வது? (யீஷூன் ரிங் ரோடு வாசகர்)

பதில்: மீதியை இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் அடுத்த சர்வீஸுக்கு ஊற்றலாம், நடுவில் அளவு குறைந்தால் டாப்அப் செய்யவும் ஆகும். மூடிமேல் திறந்த தேதியை எழுதிவிடுங்கள். காரின் பூட்டில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டாம்.

பழைய ஆயிலை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லும் பட்டறையில் சர்வீஸ் செய்யாதீர்கள். அதை முறையாக எடுத்துப்போக உரிமம் பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், பட்டறைகள் அவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். கால்வாயில் ஊற்றுவது சட்டப்படி குற்றம், இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. நீங்கள் ஆயில் கொண்டுபோவதாகப் போனில் பேசும்போதே, பழைய ஆயிலையும் ஃபில்டரையும் அவர்களே அப்புறப்படுத்துவதும் அந்த லேபருக்குள் அடக்கமா என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.